சிறு காமிராவில் ஒளியளவும் படத்தின் தரமும்

கல்லூரி ஆண்டு விழாவிலும் பழைய மாணவர் கூட்டத்திலும் எடுக்கப்பெறும் குழுப் படங்களைப் பார்ப்போர், அவற்றுட் பலவற்றில் ஒரே குறையைக் கண்டிருப்பர். வெள்ளை வேட்டிகள் சாம்பல் பூத்து நிற்கும். முகங்களோ நிழலுருக்களாய்ப் போயிருக்கும். பின்னுள்ள வானம் மட்டும் பளிச்சென்று விளங்கும். காமிரா மலிவானது என்று சொல்லி, எடுத்தவர் தப்பித்துக் கொள்வார். உண்மை அஃதன்று. கருவி தனக்கு விதிக்கப்பட்டதையே செய்தது. வேறு செய்யுமாறு அதற்கு எவரும் சொல்லவில்லை. இத்தகைய படங்களில் முன்வரிசையில் அமரும் முதியோருட் சிலர் மறு ஆண்டுக் கூட்டத்திற்கு வாராமற் போதலும் உண்டு. ஆதலின், கருவிக்குச் சொல்லும் வகையை மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் வேண்டுமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

காமிராவினுள் அமைந்த ஒளிமானி, தன்முன் நிற்பது வெண்சுவரா கரிய யானையா என்பதை அறியாது. தன்பால் வந்து சேரும் ஒளியின் அளவையே அறியும். காட்சிகள் யாவும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறத்தன என்று கொண்டு, அந்நிறம் வருமாறு லென்ஸின் துளையையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் அது அமைக்கின்றது. சுண்ணாம்பு தீற்றிய ஆலயச் சுவர் சட்டத்தை நிறைக்குமாயின், ஒளி மிகுந்ததென்று எண்ணிக் குறைத்துவிடும், சுவர் சாம்பலாகும். யானையைப் படமெடுப்பின், ஒளி போதாதென்று கூட்டிவிடும்; யானை வெளிறிப்போம். இக்காலத்துக் கருவிகள் சட்டத்தைப் பல கூறுகளாகப் பகுத்து அளப்பதும், முகத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப ஒளியைத் திருத்துவதும் உண்மையே. எனினும், வெள்ளுடை அணிந்த அறுபது பேரும் அவர்கள் பின்னே நடுப்பகல் வானமும் சேர்ந்தால், அக்கருவிகளும் தடுமாறுகின்றன.

இதற்கு மருந்தாகவே கூட்டற்குறியும் கழித்தற்குறியும் சேர்ந்து பொறித்த பொத்தான் ஒன்று பெரும்பாலான சிறு காமிராக்களில் உள்ளது. அதனை அழுத்தினால் சுழியத்தை நடுவே கொண்ட அளவுகோல் ஒன்று திரையில் தோன்றும். கூட்டற்பக்கம் 1 என்னும் இடத்திற்குச் சென்றால், கருவி கணித்ததைப் போல் இருமடங்கு ஒளி விழும். கழித்தற்பக்கம் 1 எனில் பாதி ஒளியே விழும். இடையில் மூன்றிலொரு பங்காக நகர்த்தலாம். வெண்சுவருக்கும் வெள்ளுடைக் குழுவிற்கும் கூட்டலும், கரும்பொருளுக்குக் கழித்தலும் என்று கொள்க. வெள்ளைக்குக் குறைக்கவேண்டும் என்றே புதியோர் பலர் எண்ணுவர். முறை அதற்கு நேர்மாறானது.

ஈண்டு ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. வண்ணப் பிலிம் வழங்கிய காலத்தில் அமெரிக்க நாட்டு அச்சுக்கூடங்கள் நிறங்களைச் சரிபார்க்க வைத்திருந்த 'ஷர்லி' அட்டைகளில் நெடுநாள் இடம்பெற்றவர் வெண்ணிறப் பெண்டிரே. அவ்வட்டைக்குப் பொருந்திய நிறமே சரியான நிறமென்று கொள்ளப்பட்டமையால், கரிய முகங்களின் நுட்பம் படத்தில் மறைந்தது. நம்மவர் முகங்கள் இருண்டு வருவது முகத்தின் குற்றமன்று; அளந்தவர் கொண்ட அளவுகோலின் குற்றம்.

ஆயினும் கூட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே பொதுவாக உள. வேட்டியின் மடிப்பு 255ஐ எட்டிவிட்டால் அம்மடிப்பு வெறும் வெள்ளைத் திட்டாகும். பின்னர் எத்தகைய திருத்தத்தாலும் அதனை மீட்டல் இயலாது. நிழலில் மறைந்ததையோ ஓரளவு மீட்கலாம். ஆகவே முகத்திற்கும் உடைக்கும் ஒருங்கே நலம் வேண்டின், பொத்தானை நம்புவதினும் குழுவை மரநிழலுக்கோ தாழ்வாரத்திற்கோ அழைத்துச் செல்வதே மேல். சிறு குழுவாயின் பகலிலும் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தலாம். அதன் ஒளி சில மீட்டர்த் தொலைவே செல்லுமாதலின் அறுபது பேருக்கு உதவாது. எடுத்த படத்தை வெயிலில் திரையைப் பார்த்து மதிப்பிடல் வீண். ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைப் பார்க்க. அதன் மேடு வலப்புற ஓரத்தில் முட்டி நின்றால் வெண்மை கெட்டதென்று அறிக.

இனித் தரம். படத்தின் அளவு வேறு, சுருக்கத்தின் அளவு வேறு. இரண்டும் தனித்தனி அமைப்புகள். 12 மெகாபிக்ஸல் படம் 4000க்கு 3000 புள்ளிகள் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளியாக அச்சிட்டால் 13 அங்குல அகலம் பெறும். 640க்கு 480 என்னும் சிற்றளவில் எடுத்ததோ 2 அங்குலமே வரும். சுருக்கத்தைக் கேனன் நிறுவனத்தின் சிறு காமிராக்கள் பலவற்றில் கால்வட்டக் குறி காட்டும்: வளைவு வழவழப்பானதேல் உயர்தரம், படிக்கட்டுப் போன்றதேல் தாழ்தரம். 1992இல் வகுக்கப்பெற்ற ஜேபெக் முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக்கி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுட்பங்களைக் களைகின்றது. அதற்கு அடிப்படையான கணிதத்தைப் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோருடன் 1974இல் வெளியிட்டார். சுருக்கம் மிகுந்தால் எழுத்துகளின் ஓரங்களில் கொசு மொய்த்தாற்போல் மாசு படியும். நூலகத்து ஏடுகளைப் படமெடுப்போர் இதனை மறத்தலாகாது. கோப்பைப் படியெடுப்பதால் தரம் குன்றாது. திருத்தித் திருத்தி மீண்டும் ஜேபெக்காகச் சேமிப்பதாலேயே குன்றும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினும் சுருங்கிவிடும். இம்மலருக்குப் படம் தருவோர் அதனை ஆவணமாக இணைத்தனுப்புக.

மாலையில் மண்டபத்தினுள் எடுக்கும்போது ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தானியங்கியாக விட்டால், கருவி அதனை 1600 வரையும் அதற்கு மேலும் உயர்த்தக்கூடும். சிறு காமிராக்கள் பலவற்றின் உணர்தகடு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமே உடையது. அத்துணைச் சிறிய தகட்டில் விழுந்த சிற்றொளியைப் பெருக்குங்கால் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். அவற்றைத் துடைக்கப் புகும் கருவி, தலைமயிரையும் இமையையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகலின் எண்ணை 100 அல்லது 200இல் நிறுத்தி, காமிராவை மேசைமீது வைத்து, 2 வினாடி தாழ்த்து இயங்கும் அமைப்பைத் தெரிந்து பொத்தானை அழுத்துக. ஷட்டர் கால் வினாடி திறந்திருப்பினும் கருவி அசையாது. அமர்ந்திருப்போரை மட்டும் அசையாதிருக்கச் சொல்லல் வேண்டும்.