பழைய டிராக்டரின் கியர் பெட்டி: குற்றம் கண்டறியும் முறை

பழைய டிராக்டர் ஒன்று உழவின் நடுவே கரகரவென்று சப்தமிட்டு நின்றுவிடுமாயின், கியர் பெட்டி கெட்டுவிட்டதென்று உடனே முடிவு கட்டுவது பெரும்பாலோர் வழக்கம். பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகே குற்றம் வேறிடத்திலிருந்தது தெரியவரும். இதனால் வீண் செலவு நேரிடுவதன்றி, உழவுப் பருவமும் தவறிப்போகும். ஆகையால் ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் குற்றம் இருக்குமிடத்தை நிச்சயிக்கும் முறை ஈண்டு விவரிக்கப்படுகிறது.

1. யந்திரத்தின் அமைப்பு

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குஸன் டி.இ.20 டிராக்டரை உதாரணமாகக் கொள்ளலாம். இவ்வகையில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள் வெளிவந்தன. முன்செல்ல 4 கியர்களும் பின்செல்ல 1 கியரும் இதற்கு உண்டு. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சுப் பெட்டி ஆகிய மூன்றும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, அவையே யந்திரத்தின் உடலாக நிற்கின்றன; அவற்றைத் தாங்கும் தனிச் சட்டம் கிடையாது. எனவே உட்பாகங்களைப் பார்க்க யந்திரத்தையே இரண்டாகப் பிரிக்க நேரிடும். கிளச்சைப் பார்ப்பதற்கு முன் மூட்டையும், பின் அச்சைச் சேர்ந்தவற்றைப் பார்ப்பதற்குப் பின் மூட்டையும் பிரிக்க வேண்டும். குற்றத்தின் இடம் தெரியாமல் தவறான மூட்டைப் பிரித்தால் வேலை இரட்டிக்கும்.

2. கிளச்சைச் சோதித்தல்

என்ஜினை நிறுத்தி, யந்திரத்தைச் சமதரையில் சிறிது முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் எளிதில் விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் கரகரப்பு உண்டாகுமாயின், பெரும்பாலும் குற்றம் கிளச்சினுடையது. மிதியை முழுதும் அழுத்திச் சில விநாடி பொறுத்த பின்னும் கரகரப்பு நீங்காவிடில், கிளச்சு முற்றிலும் விடுபடவில்லை என்பது துணிபு. மிதியின் வெற்றோட்டம் அதிகமாயிருக்கலாம். நெடுநாள் நின்ற யந்திரமாயின் கிளச்சுத் தட்டு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெற்றோட்டத்தைக் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்குச் சரிப்படுத்துவதே முதற்காரியம். அதற்கு எந்த மூட்டையும் பிரிக்க வேண்டுவதில்லை.

3. தூக்கியைக் கொண்டு சோதித்தல்

கியர் விழுந்தும் யந்திரம் நகராவிடில், கலப்பையைத் தூக்கும் எண்ணெய்த் தூக்கியைக் கவனிக்க வேண்டும். டி.இ.20-இல் தூக்கியின் பம்பு, கிளச்சையும் கியர் பெட்டியின் முற்பகுதியையும் கடந்து வரும் சக்தியால் ஓடுகிறது. பின்புறச் சுழல்தண்டின் நெம்புகோலைச் சேர்த்து, கிளச்சு மிதியை விட்டபின் தூக்கி எழும்புமாயின், சக்தி அவ்விடம் வரை வந்து சேர்கிறதென்று அறியலாம்; குற்றம் அதற்கு அப்பால் உள்ளது. தூக்கியும் எழாமல் சக்கரமும் சுழலாமல் இருப்பின், முதலில் கிளச்சைச் சந்தேகிக்க வேண்டும். இச்சோதனையின்போது சுழல்தண்டின் அருகிலும் கலப்பையின் கீழும் எவரும் நிற்கலாகாது.

4. சப்தத்தைக் கொண்டு அறிதல்

கியர் சேராமல் என்ஜின் ஓடுகையில் எழும் சப்தம், மிதியை அழுத்தியதும் அடங்கினால், கியர் பெட்டியின் முன் தண்டு பேரிங்கு அல்லது துணைத்தண்டு பேரிங்கு தேய்ந்ததாகும். மிதியை அழுத்தும்போது மட்டும் சப்தம் எழுமாயின், கிளச்சை விடுவிக்கும் பேரிங்கு காரணமாகலாம். ஒரே கியரில் மட்டும் சப்தம் உண்டானால், அந்தக் கியருக்குரிய பல்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். ஒழுங்கான இடைவெளியில் 'டக், டக்' என்று அடிப்பது பல் உடைந்ததற்கு அறிகுறி; அந்நிலையில் யந்திரத்தை மேலும் ஓட்டினால், உடைந்த துண்டு மற்றப் பற்களையும் நாசமாக்கும். எல்லாக் கியர்களிலும் சப்தம் எழுந்து, என்ஜினை நிறுத்திக் கியர் சேராமல் மெதுவாக இழுத்துச் செல்லும்போதும் நீடிக்குமானால், பின் அச்சையே பார்க்க வேண்டும்.

5. கியர் தானாகக் கழன்றுவிடுதல்

பாரம் இழுக்கும்போது ஒரு கியர் மட்டும் கழன்றால், அதன் பற்களோ, அதை நகர்த்தும் கவையோ, அதை நிலைநிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கலாம். பல கியர்கள் கழலுமாயின் தண்டுகளின் பேரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். நெம்புகோலைக் கையால் பிடித்துக்கொண்டே உழுவது பரிகாரமன்று. அதனால் கவை விரைவில் தேயும்.

6. எண்ணெய் கூறும் சாட்சி

யந்திரம் வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து, துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும். பால் போன்ற நிறம் தண்ணீர் கலந்ததைக் காட்டும். மைபோன்ற சாம்பல்நிறப் படிவு சாதாரணத் தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் கூரிய சில்லுகள் எஃகுப் பல்லுடையவை. ஒட்டாத மஞ்சள் தூள் வெண்கலப் புஷ்ஷினுடையது. டி.இ.20-இல் கியர் பெட்டி, தூக்கி, பின் அச்சு ஆகிய மூன்றுக்கும் எண்ணெய் ஒன்றே. ஆதலால் ஓரிடத்து அழுக்கு மற்ற இரண்டையும் கெடுக்கும்.

7. சங்கத்தார் செய்யத்தக்கது

பொதுவில் டிராக்டர் வைத்திருக்கும் சங்கம், எந்தக் கியரில், எவ்வளவு பாரத்தில், என்ன சப்தம் எழுந்தது என்பதை ஓட்டுபவர் அன்றன்றே எழுதிவைக்கும்படி ஒரு புத்தகம் ஏற்படுத்துவது நலம். பழுதுச் செலவுக்கு அனுமதி கோரும்போது, மேற்கண்ட சோதனைகளின் முடிவும் அதனுடன் வரவேண்டும். எந்த மூட்டைப் பிரிக்க வேண்டும், ஏன் பிரிக்க வேண்டும் என்ற இரண்டு வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணம் கொடுப்பது உசிதம். அங்கத்தினர்களின் பணமும் பருவமும் இவ்விதமே காக்கப்படும்.