பையை வாசலிலேயே கட்டு

கடம்பத்தூரிலிருந்து வீடியோ கேம் செய்யும் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆட்டத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை மாலை அரக்கோணம் லோக்கலில் உட்கார்ந்து ஆடினேன். சென்ட்ரலில் வண்டி கிளம்பும்போது உன் நாயகன் ஏரிக்கரையில் ஒரே ஒரு கம்போடு நின்றான். ஆவடி வருவதற்குள் இரண்டு வாள், ஒரு ஈட்டி, ஏழெட்டு மருந்துக் குப்பி சேர்ந்துவிட்டன. வேப்பம்பட்டு தாண்டியதும் ‘பை நிறைந்துவிட்டது’ என்று திரை சொன்னது. அதன் பிறகு புட்லூர் வரை நான் ஒரு பேயோடும் சண்டை போடவில்லை. 12 வலு உள்ள வாளை வைத்துக்கொள்வதா, 13 வலு உள்ளதை வைத்துக்கொள்வதா என்று பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு இருந்தேன். எதிர் சீட்டில் ஒரு பூக்கார அம்மா காலிக் கூடையைக் காலடியில் கவிழ்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எவ்வளவு பூ எடுப்பது என்பதை அவர் விடியுமுன் வீட்டிலேயே தீர்த்திருப்பார். ரயிலில் ஏறிய பிறகு யோசித்திருக்க மாட்டார்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் உன் வயதில் ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி கண் விழித்து ஆட்டம் செய்கிறவர்கள் இப்போது நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருவாலங்காட்டை ஆலமரக் காடாகவே வைத்து, அதில் பேய்களை உலவ விட்டது அருமை. விழுதுகளுக்கு நடுவே நடக்கும்போது சத்தம் அடங்கிப்போகிறதே, அதைக் கேட்டு எனக்கே முதுகு சில்லிட்டது. அந்தக் காட்டில் நின்று கணக்குப் பார்க்க வைத்தாயே என்பதுதான் என் வருத்தம்.

பைக்கு அளவு வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தாளும் பகடையும் வைத்து ஆடுவது. அதில் சுமையைத் தங்கக் காசுக் கணக்கில்தான் அளந்தார்கள். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் 10 காசு ஒரு பவுண்டு எடை. நீள வாள் 60 காசு, இரு கை வாள் 250 காசு. படிக்கும்போது விநோதமாகத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் அதன் சூட்சுமம் பிடிபடும். குகைக்குள் போவதே காசு எடுத்து வரத்தான். தூக்கிப் போகிற இரும்பையும் எடுத்து வரப்போகிற தங்கத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள். பெரிய வாளைத் தோளில் போட்டால் 250 காசைக் குகையிலேயே விட்டுவிட்டு வரத் தயாராகிறாய் என்று அர்த்தம். வாளின் விலை கடையில் இல்லை, திரும்பி வரும் வழியில் இருக்கிறது.

உன் ஆட்டத்தில் பைக்கு 40 இடம். ஏன் 40 என்று போனில் கேட்டேன். ‘எல்லா ஆட்டத்திலும் அப்படித்தானே அண்ணா’ என்றாய். எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது என்பது காரணம் ஆகாது. கம்ப்யூட்டருக்குப் பை நிறையாது. நீ ஆட்டம் செய்யும் கோடோ மென்பொருளைத் திறந்து ஒரு எண்ணை மாற்றினால் 40 என்பது 4,000 ஆகிவிடும். நிஜத்தில் இரும்புக்கு இடம் வேண்டும், அதனால் வரம்பு தானாக வரும். ஆட்டத்தில் வரம்பை நீதான் வைக்கிறாய். அப்படியானால் அதற்குக் காரணமும் நீதான் சொல்ல வேண்டும்.

நிஜ வரம்பு எப்படி இருக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் விஎம்சி என்ற மில்லிங் மெஷினை ஓட்டிக் கற்றேன். நீயும் அந்த எஸ்டேட்டில்தான் ஷிப்ட் போகிறாய், உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் மெஷினில் டூல்களை மாட்டி வைக்கும் மேகசினில் 24 பாக்கெட். ஒருநாள் வந்த ஜாபுக்கு டூல் லிஸ்ட் போட்டால் 26 வந்தது. எம்8 மரைக்கு 6.8 டிரில், எம்10 மரைக்கு 8.5 டிரில், அதனதன் டேப், எண்ட் மில்கள், ஓட்டை போடும் இடத்தைக் குறிக்க ஸ்பாட் டிரில், விளிம்பைச் சரிக்கச் சேம்பர் டூல் என்று நீண்டது. செட்டர் அண்ணன் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார். சேம்பர் டூலின் மேல் கோடு போட்டார். ‘90 டிகிரி ஸ்பாட் டிரில் இருக்கில்ல? அதையே கொஞ்சம் ஆழமா இறக்கு, சேம்பரும் விழுந்துடும்’ என்றார். ஒரு டூல் இரண்டு வேலை. இன்னொரு எண்ட் மில்லையும் அதே மாதிரி கழித்தார். 24-க்குள் அடங்கியது. இதையெல்லாம் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் செய்தோம். ஓடுகிற மெஷினை நடுவில் நிறுத்தி எந்த டூலைக் கழற்றலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

அதே மெஷினில் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். 125 மில்லிமீட்டர் ஃபேஸ் மில்லை ஏற்றினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாக்கெட்டைக் காலியாக விட வேண்டும். ஒரு டூல், மூன்று இடம். அவசரத்தில் பக்கத்தில் டிரில்லை மாட்டிவிட்டேன். டூல் மாறும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம். டிரில் இரண்டாக உடைந்தது, மெஷின் அரை நாள் நின்றது. 1996-இன் கடைசியில் வந்த ‘டயாப்ளோ’வைப் பிறகு ஒருநாள் ஆடியபோது சிரித்துவிட்டேன். அதன் பை 10-க்கு 4 கட்டம். மருந்துக் குப்பி ஒரு கட்டம் பிடிக்கும், பெரிய வாள் பல கட்டத்தை அடைத்துக்கொள்ளும். தங்கக் காசும் இடம் பிடிக்கும். கண்ணால் பார்த்தாலே எது பாரம் என்று தெரிந்துவிடுகிறது. உன் பையில் வாளும் ஒரு இடம், வெற்றிலையும் ஒரு இடம். அங்கே எண்ணிக்கை இருக்கிறது, பாரம் இல்லை.

இப்போது பெரிய ஆட்டங்கள் வரம்பை எங்கே வைத்தன என்று பார். 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ எடைக் கணக்கு வைத்தது. தொடக்கத்தில் 300. அதைத் தாண்டினால் ஓட முடியாது, தேர் மாதிரி ஆடி அசைந்துதான் நகர வேண்டும். நல்ல ஆட்டம்தான், ஆனால் பாரம் ஏறுவது பெரும்பாலும் குகையின் கடைசி அறையில். அங்கே நின்று பாலாடைக்கட்டியைக் கீழே போட்டவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டின் ‘டார்க் சோல்ஸ்’ வேறு விதமாக யோசித்தது. பையில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள். உடம்பில் மாட்டியதற்கு மட்டும் கணக்கு. தாங்கும் எடையில் கால் பங்குக்குள் இருந்தால் மின்னலாக உருண்டு தப்பிக்கலாம், பாதியைத் தாண்டினால் மூட்டை விழுவது போல விழுவாய். அங்கே வரம்பு ஒரு எச்சரிக்கை வாசகம் கிடையாது. அடி விழும் நேரத்தில் உடம்பில் தெரிகிறது.

எனக்கு ஆசான் என்றால் 2016-இன் ‘டார்க்கஸ்ட் டஞ்சன்’. அதில் பைக்கு 16 இடம். கிளம்பும் முன் ஊரிலேயே பந்தம், சாப்பாடு, கட்டுத்துணி எல்லாம் வாங்கிப் பையில் வைக்க வேண்டும். உள்ளே கிடைக்கிற புதையலும் அதே 16 இடத்துக்குள்தான். பந்தம் அதிகம் எடுத்தால் தங்கத்துக்கு இடம் இல்லை. குறைத்து எடுத்தால் இருட்டில் மாட்டிக்கொள்வாய். குகைக்குள் போன பிறகு எதையாவது தூக்கி எறிய நேர்ந்தால், வாசலில் நீ செய்த முடிவு அங்கே வந்து பேசுகிறது. கைகாக்ஸின் தங்கக் காசுத் தராசு பந்தத்தின் உருவத்தில் திரும்பி வந்தது போலத்தான் எனக்குப் பட்டது. உன் 40 இடப் பை என்னிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. அதனால்தான் வேப்பம்பட்டில் எரிச்சல் வந்தது.

அடுத்து ஆயுதம். உன் ஆட்டத்தில் 63 ஆயுதம் என்று பெருமையாக எழுதியிருந்தாய். நான் எண்ணிப் பார்த்தேன், வேலையை வைத்துப் பார்த்தால் நான்குதான். மீதி எல்லாம் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்ட அதே வாள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’யைப் பார். திரிசூலம், வில், வாளும் கேடயமும் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஆயுதங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்தப் பெண்ணின் அசைவே மாறுகிறது.

நம்மிடம் சரக்குக்குப் பஞ்சமா? வேல் எதிரியைத் தள்ளி நிறுத்தும், விழுது நெருங்கிய இடத்தில் சுழற்ற முடியாது. சுருள்வாளைச் சுழற்றினால் பக்கத்தில் துணை நிற்க முடியாது. வில்லுக்கு அம்பு வேண்டும், அம்பு பையில் இடம் பிடிக்கும். சிலம்பக் கம்பு நாலு பேரைச் சமாளிக்கும், ஆற்றில் இறங்கும்போது ஆழம் பார்க்கவும் ஆகும். செட்டர் அண்ணனின் ஸ்பாட் டிரில் மாதிரி. வளரி என்றால் எறிந்த பிறகு கை காலி, ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஆனால் வளரி சிவகங்கைச் சீமையின் ஆயுதம். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், அதை வீசச் சின்ன மருது தனக்குக் கற்றுத்தந்ததை எழுதியிருக்கிறார். உன் ஏரிக்கரைக் கடையில் அதைத் தொங்கவிடாதே. தெற்கிலிருந்து வரும் வழிப்போக்கன் கையில் கொடு. ஆயுதத்துக்கும் ஊர் உண்டு.

ஒரே ஒரு தடவை பயன்படும் அஸ்திரம் ஒன்றை வைத்திருக்கிறாயே, அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். நான் அதைக் கடைசி வரை எடுக்கவே இல்லை. நீயும் மற்ற ஆட்டங்களில் எடுத்திருக்க மாட்டாய். ‘இதைவிடப் பெரிய எதிரி வருவான்’ என்று பொத்திப் பொத்தி வைத்து, முடிவில் பையோடு போய்விடும். இதற்கு மருந்து நம் பாரதக் கூத்தில் இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் கர்ண மோட்சம் பார்த்திருப்பாய். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அர்ச்சுனனுக்கென்றே வைத்திருந்தான். ஒரே வீச்சுதான். கடோற்கசன் நள்ளிரவில் வந்து கௌரவர் படையை அழித்தபோது வேறு வழியில்லாமல் அவன் மேல் வீச வேண்டியதாயிற்று. பிறகு அர்ச்சுனன் முன் நின்றபோது அது கையில் இல்லை. அந்த அஸ்திரத்தை மறக்க முடியாததாக ஆக்கியது அதன் வலு இல்லை, கடோற்கசன். அதனால் ஒரே வீச்சு ஆயுதம் கொடுத்தால் கடைசி எதிரிக்கு முன்னால் ஒரு கடோற்கசனை அனுப்பு. வீசினாலும் நஷ்டம், வீசாவிட்டாலும் நஷ்டம் என்ற ராத்திரி ஒன்று வரட்டும்.

லீவு நாளில் பூண்டிக்குப் போய் வா. நீர்த்தேக்கத்தோடு திரும்பிவிடாதே, அங்கே தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டார். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே தோண்டினார்கள். அங்குள்ள கைக்கோடாரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அவர்கள் குழு எழுதியது. 2018-இல் வந்த அவர்களுடைய கட்டுரைதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் பெரிய கைக்கோடாரி குறைந்து, திட்டமிட்டுச் செதுக்கிய சிறு செதில் கருவிகள் பெருகுகின்றன. அன்றைக்கு அங்கே வாழ்ந்தவர்கள் ஏன் மாறினார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் பாடு. ஒரு கேம் செய்கிறவன் கண்ணாடிக்கு முன் நின்று பார்க்க வேண்டியது வேறு: உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல். நுனி குத்த, விளிம்பு அறுக்க, அடிப்பாகம் பிடிக்க. உன் 63-இல் எத்தனை ஆயுதங்களின் வேலையை அந்த ஒன்று செய்துவிடுகிறது என்று எண்ணிக்கொண்டே நில்.

திரும்பி வந்து மூன்று வேலை செய். 63-ஐ 7 ஆக்கு. அந்த ஏழும் ஒன்றின் வேலையை இன்னொன்று முழுசாகச் செய்யாதபடி இருக்கட்டும். பையைக் கட்டமாக மாற்று, பந்தமும் அம்பும் கட்டுச்சோறும் கொண்டுவரப் போகும் பொருளும் அதே கட்டத்துக்குள் சண்டை போடட்டும். கடைசியாக, ஆலங்காட்டுக்குள் நுழையும் முன் சந்தையில் ஒரு கிழவியை உட்கார வை. காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவள் அரைகுறையாகச் சொல்லட்டும். ஒன்றுமே தெரியாதவனிடம் எதை எடுக்கிறாய் என்று கேட்டால் அது குலுக்கல் சீட்டு. எல்லாம் தெரிந்தவனிடம் கேட்டால் அது கணக்கு வாத்தியார் வேலை. பாதி தெரிந்தவன்தான் பையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான்.

அடுத்த பில்ட் தயாரானதும் அனுப்பு. அதே லோக்கலில் ஏறி ஆடுகிறேன். இந்தத் தடவை பையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் திணறுவதென்றால், அது சென்ட்ரலில் வண்டி கிளம்புவதற்கு முன்பே நடக்கட்டும். புட்லூர் வரும்போது நான் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கையில் வேல் இல்லையே என்று உன்னையும் என்னையும் திட்டிக்கொண்டு.

அன்புடன்,
காக்களூரில் டிரில்லை முறித்த அண்ணன்