ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் விழிக்கும் மருந்து

நம்பிக்கை: புற்றுநோய்க்கு ஆக்ஸிஜன் ஆகாது. உடம்பில் ஆக்ஸிஜனை ஏற்றினால் கட்டி தானாகக் கரைந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையானாலும் லீ பஜார் மண்டியானாலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வாயில் ஆறாத புண், பரிசோதனையில் புற்று என்று வந்தவுடன் யாராவது ஒரு காணொளியை அனுப்பி வைக்கிறார்கள். ‘கரண்டு (கதிர்வீச்சு) வைக்காதீங்க, மூச்சுப் பயிற்சியும் ஆக்ஸிஜன் தண்ணியும் போதும்.’ சாட்சிக்கு நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்கின் பெயர். நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் கட்டி வளர்ந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

உண்மை: வார்பர்க்குக்கு 1931-இல் பரிசு கிடைத்தது செல்களின் சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. புற்றைப் பற்றி அவர் கண்டது வேறு: ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதுகூடப் புற்றுச் செல் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கியே காலம் தள்ளுகிறது. ஆக்ஸிஜன் பட்டால் அது செத்துவிடும் என்று சொல்ல இதில் இடமில்லை.

ஆக்ஸிஜனுக்கும் சிகிச்சைக்கும் உறவு இருக்கிறது, ஆனால் வேறு விதத்தில். 1955-இல் தாம்லின்சன், கிரே என்ற ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் கட்டிகளின் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே செல்கள் செத்துக் கிடந்தன. அந்த ஓரத்தில், அரைகுறை ஆக்ஸிஜனில் பிழைத்துக் கிடப்பவைதான் வில்லங்கமானவை. கதிர்வீச்சு டி.என்.ஏ.வில் உண்டாக்கும் காயத்தை ஆக்ஸிஜன் ஆறவிடாமல் நிலைக்க வைக்கிறது. அது இல்லாவிட்டால் செல்லிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஹைட்ரஜன் கொடுத்துக் காயத்தைச் சரிசெய்துவிடும். இப்படிப்பட்ட செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கீமோ மருந்து எல்லாம் ஒரே விஷம்தான், பெயர்தான் வேறு.

உண்மை: ஒவ்வொரு மருந்தும் வேலை செய்யும் விதம் வேறு. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசினைச் சேர்த்துக் கொடுத்து, 1977-இலும் 1980-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த மருந்து இரும்பையும் ஆக்ஸிஜனையும் துணைக்கு வைத்துக்கொண்டு டி.என்.ஏ. இழையை அறுக்கிறது.

மைட்டோமைசின் இதற்கு நேர் எதிர். கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் இந்த மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் குழாய் வழியாக உள்ளே விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். உள்ளே போகும்போது இது சும்மா இருக்கும் பொருள். செல்லின் நொதி ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்த பிறகே விழிக்கிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அந்த எலெக்ட்ரானை அது பிடுங்கிக்கொள்ள, மருந்து பழையபடி தூங்கப் போய்விடும். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பிடுங்க ஆளில்லை. மருந்தின் வளையங்கள் திறந்து, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளிலும் உள்ள குவானின்களைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் இழைகள் விலக வேண்டும். விலக முடியாமல் செல் சாகிறது. கதிர்வீச்சு தோற்கும் இடத்தையே இந்த மருந்து தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நம்பிக்கை: அப்படியானால் நல்ல செல்லைத் தொடாத மருந்து வந்தாயிற்று, நம்மிடம் மறைக்கிறார்கள்.

உண்மை: யாரும் மறைக்கவில்லை. மைட்டோமைசினை ஆக்ஸிஜன் இருக்கும்போதே எழுப்பிவிடும் நொதிகளும் உடலில் உண்டு. அதனால் நரம்பு வழியாக ஏற்றும்போது எலும்பு மஜ்ஜையும் அடி வாங்குகிறது. ரத்த அணுக்கள் பல வாரம் கழித்தும் குறையலாம். இன்னும் துல்லியமாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட டிராபசமைன், ஆக்ஸிஜன் இல்லாத செல்லில் டி.என்.ஏ.வின் சர்க்கரைப் பகுதியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி இழையை முறிக்கும். தலை, கழுத்துப் புற்று உள்ள 861 பேரிடம் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவில், வழக்கமான சிகிச்சையைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை. யாருடைய கட்டியில் ஆக்ஸிஜன் குறைவு என்று முன்பே பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்தது ஒரு பெரிய குறை. இதே வகையைச் சேர்ந்த எவோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தும் 2015-இல் கணையப் புற்றிலும் மென்திசுப் புற்றிலும் இலக்கைத் தொடவில்லை.

கரண்டு வைக்கும் நாட்களில், கட்டிக்கு ஆக்ஸிஜன் குறையாமலிருக்க, வீட்டார் செய்யக்கூடியவை உண்டு. ரத்தம் கம்மியாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கவனிக்க வேண்டும். பீடி, சிகரெட்டை அன்றே விட வேண்டும்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சுப் பயிற்சி மனசுக்கு இதம் தந்தால் செய்யட்டும். ஆனால் குறித்த நாளில் கரண்டுக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.