வழு எங்கே இருக்கிறது?
மடிகணினியில் வீடியோ பிளேயர் செயலிழந்தால் செய்ய வேண்டியவை

தமிழ் இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்ற மூன்றையும் நாம் படித்திருக்கிறோம். சொல்லும் தொடரும் இலக்கண நெறியில் நிற்பது வழாநிலை. நெறியிலிருந்து பிறழ்வது வழு. பிறழ்ந்திருந்தாலும் ஏதோவொரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் கணினியில் ஏற்படும் பிழையைக் குறிக்க ‘வழு’ என்ற இதே சொல்லையே பயன்படுத்துகிறோம். ஒரு வாக்கியத்தில் வழு இருந்தால், அது எழுவாயிலா, பயனிலையிலா, வேற்றுமை உருபிலா என்று முதலில் தேடுகிறோம். இடம் தெரிந்த பிறகுதான் திருத்துகிறோம். கணினியில் ஏற்படும் வழுவையும் அவ்வாறே அணுக வேண்டும்.

இக்கட்டுரை அப்படியான ஒரு வழுவைப் பற்றியது. விண்டோஸ் மடிகணினியோடு கூடவே வரும் வீடியோ பிளேயர், பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென மூடிக்கொள்கிறது அல்லது அசையாமல் உறைந்துவிடுகிறது. இதை ஒரு பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலிருந்து, பதிவு செய்யப்பட்ட பாடங்களைப் பார்த்துப் படிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பரீட்சை நெருங்கும்போது அந்த வீடியோக்கள் ஓடாவிட்டால் மாணவி பதறிப்போகிறாள்.

பதற்றத்தில் இரண்டு முடிவுகள் எடுக்கப்படுவதுண்டு. ஒன்று, இணையத்தில் முதலில் கண்ணில் படும் ஏதோவொரு மென்பொருளைப் பதிவிறக்கிக்கொள்வது. மற்றது, மடிகணினியைக் கடைக்குக் கொண்டுபோய் ‘போர்மட்’ பண்ணித் தரச் சொல்வது. முதலாவதால் வைரஸ் உள்ளே வரலாம். இரண்டாவதால் பாடங்கள், குறிப்புகள், குடும்பப் படங்கள் எல்லாம் அழிந்துபோகலாம். வழுவோ பெரும்பாலும் இவை இரண்டும் தேவைப்படாத அளவுக்குச் சிறியதாகவே இருக்கும்.

1. முதலில் கவனித்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அ) பிளேயர் தானாக மூடுகிறதா, உறைந்து நிற்கிறதா, ஒலி மட்டும் வருகிறதா, அல்லது மடிகணினியே அணைந்துவிடுகிறதா?
ஆ) எந்த வீடியோவிலும் இப்படி நடக்கிறதா, ஒரு வீடியோவில் மட்டுமா?
இ) திறந்தவுடனேயா, சில நிமிடங்களின் பின்பா, எப்போதும் ஒரே நிமிடத்திலா?
ஈ) கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது? அதற்குப் பிறகு கணினியில் என்ன மாறியது?

பின்னர் கணினியை ஒரு தடவை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. அண்மைக்கால விண்டோஸ் பதிப்புகள், அடுத்த முறை விரைவாக ஆரம்பிப்பதற்காக, ‘ஷட் டவுன்’ செய்யும்போது பணிசெயல் முறைமையின் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கின்றன. ‘ரீஸ்டார்ட்’ செய்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். சில வழுக்கள் இந்த ஒரு செயலுடனேயே நீங்கிவிடும்.

2. மூன்று இடங்கள், மூன்று சோதனைகள்

நீங்காவிட்டால், வழு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: வீடியோக் கோப்பு, பிளேயர், இயந்திரம். இங்கே இயந்திரம் என்பது கணினியின் வன்பொருளையும் அதை இயக்கும் செலுத்திகளையும் குறிக்கிறது. எந்த இடம் என்று அறிய ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

சோதனை ஒன்று: அதே பிளேயரில் வேறொரு வீடியோவை ஓடவிடுங்கள். அது ஒழுங்காக ஓடினால் சந்தேகம் முதலாவது கோப்பின் மீது விழுகிறது.

சோதனை இரண்டு: அந்தக் கோப்பை வேறொரு மடிகணினியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ ஓடவிடுங்கள். அங்கும் அதே இடத்தில் நின்றால் கோப்பு பழுதடைந்திருக்கிறது. அங்கே ஓடினால் கோப்பு நல்லது.

சோதனை மூன்று: அதே மடிகணினியில், அதே கோப்பை, வேறொரு பிளேயரில் ஓடவிடுங்கள். ஓடினால் வழு பழைய பிளேயரில் இருக்கலாம். எந்தப் பிளேயரிலும் எந்த வீடியோவும் ஓடாவிட்டால் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனை செய்யும்போது ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைத்திருப்பது இதே காரணத்துக்காகத்தான். மூன்றை ஒன்றாக மாற்றிய பின் வீடியோ ஓடினாலும், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை அதே வழு வந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து தேட நேரிடும்.

3. வழு கோப்பில் இருந்தால்

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று கோப்புப் பெயரின் இறுதியில் நாம் காண்பவை உண்மையில் பெட்டிகளின் பெயர்கள். பெட்டிக்குள் படமும் ஒலியும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்கும் முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். 2003இல் வந்த எச்.264 இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. 2013இல் வந்த எச்.265, அதே தரமுள்ள படத்தை இன்னும் சிறிய கோப்பில் அடக்கும். இதை எச்.ஈ.வி.சி. என்றும் அழைப்பர். ஒரே எம்.பி.4 பெட்டிக்குள் இரண்டில் எதுவும் இருக்கலாம். ஆகவேதான் ஒரு எம்.பி.4 ஓடுகிறது, மற்றொன்று ஓடவில்லை.

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் எச்.265 முறையில் வீடியோ எடுக்கக்கூடியவை. அதை விரிக்கும் கோடெக் கணினியில் இல்லாவிட்டால் ஒலி மட்டும் கேட்கலாம், அல்லது பிளேயர் ஓட மறுக்கலாம். வீடியோவை எடுப்பவர் தமது ஐபோனின் கெமரா அமைப்பில், ‘போர்மட்ஸ்’ பகுதியில் ‘மோஸ்ட் கொம்பெட்டிபல்’ என்பதைத் தெரிவு செய்துவிட்டால் அடுத்த வீடியோக்கள் எச்.264 முறையில் அமையும்.

இன்னொரு காரணம் முழுமை பெறாத கோப்பு. எம்.பி.4 கோப்புக்குள் ஓர் அட்டவணை உண்டு. எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் புத்தகத்தின் பொருளடக்கம் போல அது சொல்லும். பல கருவிகள் பதிவு முடிந்த பின்னரே இந்த அட்டவணையை எழுதுகின்றன. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ, பதிவிறக்கம் பாதியில் நின்றாலோ, ‘பென் டிரைவை’ முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கினாலோ கோப்பு குறைப்பட்டுவிடும். ஸூம் வகுப்பைக் கணினியில் பதிவு செய்தால், வகுப்பு முடிந்ததும் அது எம்.பி.4 ஆக மாற்றப்படும். அந்த மாற்றம் முடியும்வரை மடிகணினியை மூடக் கூடாது.

இதற்குப் பரிகாரம் எளியது. கோப்பை மீண்டும் பதிவிறக்குங்கள், அல்லது தந்தவரிடமிருந்து மறுபடியும் பிரதி பெறுங்கள். கோப்பின் அளவு அவரிடம் இருப்பதன் அளவுக்குச் சமமா என்று ஒப்பிடுங்கள். ‘பென் டிரைவிலிருந்து’ நேரடியாக ஓடவிடாமல் முதலில் கணினிக்குப் பிரதி செய்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கோப்பின் பெயர் பாடத்தின் பெயராக இருந்தாலும் அதன் உண்மையான முடிவு ‘டொட் ஈஎக்ஸ்ஈ’ என்றிருந்தால் அது வீடியோ அல்ல, ஒரு நிரல். விண்டோஸ் வழக்கமாக இந்த இறுதி எழுத்துகளை மறைத்து வைக்கிறது. விண்டோஸ் 11இல் கோப்புறையின் ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ’ என்பதற்குள் சென்று ‘பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தால் அவை தெரியும். “இந்தக் கோடெக்கைப் போட்டால்தான் வீடியோ ஓடும்” என்று முன்பின் தெரியாத தளமொன்று சொன்னால் நம்பாதீர்கள்.

4. வழு பிளேயரில் இருந்தால்

விண்டோஸ் 10இல் கூடவே வந்த பிளேயரின் பெயர் ‘மூவீஸ் அன்ட் டிவி’. சில கணினிகளில் அது ‘பில்ம்ஸ் அன்ட் டிவி’ என்றிருக்கும். விண்டோஸ் 11இல் ‘மீடியா பிளேயர்’ என்பது இருக்கிறது. திருத்தும்போது எதையும் இழக்காத வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதற்படி, இற்றைப்படுத்தல். ‘மைக்ரோசொப்ட் ஸ்டோரைத்’ திறந்து பிளேயருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸையும் இற்றைப்படுத்துங்கள்.

இரண்டாம் படி, ‘ரிப்பெயர்’. ‘செட்டிங்ஸ்’ சென்று ‘ஆப்ஸ்’ என்பதில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, பிளேயரின் பெயரைக் கண்டுபிடித்து, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதற்குள் செல்லுங்கள். அங்கே ‘ரிப்பெயர்’ என்ற பொத்தான் இருக்கும். இது செயலியின் தரவுகளை அழிக்காது.

மூன்றாம் படி, ‘ரீசெட்’. அதே இடத்தில் அடுத்த பொத்தான் இது. பிளேயர் தனக்காகச் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளும் தரவுகளும் அழியும். வீடியோக் கோப்புகள் அழியமாட்டா. ‘ரிப்பெயர்’ பயன் தராவிட்டால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இவை பலிக்கும்வரை படிப்பை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. வீ.எல்.சி. என்ற பிளேயர் இலவசமானது, விளம்பரம் அற்றது, பெரும்பாலான கோடெக்குகளைத் தனக்குள்ளேயே கொண்டது. பிரான்ஸின் எகோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற கல்வி நிறுவனத்தில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய செயற்றிட்டமே இதன் மூலம். 2001 முதல் அது திறந்த மூலநிரலாக வெளிவருகிறது. அதை வீடியோலேன் அமைப்பின் அதிகாரபூர்வ தளத்திலிருந்தோ ‘மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்தோ’ மட்டும் பெறுங்கள். பழைய பிளேயரின் வழு அப்படியே இருக்க, காரியம் நடப்பதற்காக இன்னொன்றைப் பயன்படுத்துவதை வழுவமைதி என்று சொல்லலாம். நாளை பரீட்சை என்றால் அந்த வழுவமைதியே போதும்.

5. வழு இயந்திரத்தில் இருந்தால்

சுருக்கிய படத்தை விரிப்பது கடினமான வேலை. எனவே பிளேயர்கள் அந்த வேலையைப் பெரும்பாலும் வரைவியல் அலகிடம் ஒப்படைக்கின்றன. அந்த அலகோடு விண்டோஸ் பேசுவதற்கு உதவும் மென்பொருளே செலுத்தி. செலுத்தியில் வழு இருந்தால் பிளேயர் விழுந்துவிடும். நாமோ பிளேயரைக் குறை சொல்வோம்.

இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. வீ.எல்.சி.யில் ‘டூல்ஸ்’, ‘பிரிபரன்ஸஸ்’ சென்று, ‘இன்புட், கோடெக்ஸ்’ என்ற பகுதியில் வன்பொருள் உதவியுடன் விரிக்கும் வசதியை நிறுத்துங்கள். முன்பு விழுந்த வீடியோ இப்போது ஓடினால் சந்தேகம் செலுத்தியின் மீது திரும்புகிறது. மடிகணினி உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய புதிய செலுத்தியைப் பெறுங்கள். மாறாக, செலுத்தி புதுப்பிக்கப்பட்ட பிறகே வழு தொடங்கியது என்றால், ‘டிவைஸ் மெனேஜரில்’ வரைவியல் அலகின் பண்புகளைத் திறந்து ‘ரோல் பெக் டிரைவர்’ மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

சில நிமிடங்கள் ஓடிய பின் மடிகணினியே அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். கட்டிலிலும் தலையணை மீதும் வைத்துப் பார்க்கும்போது காற்றுத் துவாரங்கள் அடைபடுகின்றன. மேசையில் வைத்து மீண்டும் பாருங்கள். வன்தட்டில் இடம் நிரம்பியிருக்கிறதா என்பதையும் ‘செட்டிங்ஸ்’, ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் கவனியுங்கள்.

கணினி ஒரு நாட்குறிப்பும் வைத்திருக்கிறது. தேடும் கட்டத்தில் ‘ரிலயபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் ‘வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி’ தோன்றும். எந்த நாளில் எந்தச் செயலி விழுந்தது என்பது அதில் சிவப்புக் குறியுடன் பதிவாகியிருக்கும். அதே நாட்களில் நிறுவப்பட்டவையும் காணப்படும். நீங்கள் தாளில் எழுதிய நான்காவது வினாவுக்கு விடை பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

6. பெற்றோரின் கவனத்துக்கு

இவ்வளவும் செய்த பின்னும் வழு நீங்காவிட்டால் தொழினுட்பவியலாளரை நாடுவதே முறை. ஆனால் ஒரு மாணவியின் மடிகணினியில் பாடங்கள் மட்டும் இருப்பதில்லை. குடும்பப் படங்கள், தேசிய அடையாள அட்டையின் பிரதிகள், மின்னஞ்சல் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. அவை அந்தக் குடும்பத்தின் அமானிதம்.

ஆகவே கடைக்குக் கொடுக்கும் முன் முக்கியமானவற்றை வெளி வன்தட்டுக்கோ ‘பென் டிரைவுக்கோ’ பிரதி செய்யுங்கள். தனிப்பட்ட படங்களையும் ஆவணங்களையும் கணினியிலிருந்து அகற்றிவிடுங்கள். அகற்றியதும் ‘ரிசைக்கிள் பின்’ பகுதியையும் வெறுமையாக்குங்கள். மின்னஞ்சல், வட்ஸ்அப் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். நீங்கள் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்து, “எங்களைக் கேட்காமல் போர்மட் செய்ய வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். செய்து பார்த்த சோதனைகள் அந்தத் தாளில் இருந்தால் அவருக்கும் வேலை சுருங்கும்.

பயிற்சி

பின்வரும் ஒவ்வொன்றிலும் வழு எங்கே இருக்கலாம்?

1. இரசாயனவியல் பாட வீடியோ எப்போதும் 14ஆவது நிமிடத்தில் நிற்கிறது. தொலைபேசியிலும் அங்கேயே நிற்கிறது.
2. எந்த வீடியோவைத் திறந்தாலும் ‘மீடியா பிளேயர்’ மூடிக்கொள்கிறது. வீ.எல்.சி.யில், எந்த அமைப்பையும் மாற்றாமலே, எல்லாம் ஓடுகின்றன.
3. விண்டோஸ் இற்றைப்படுத்தலின் மறுநாளிலிருந்து எல்லாப் பிளேயர்களும் விழுகின்றன. வீ.எல்.சி.யில் வன்பொருள் உதவியை நிறுத்தினால் மட்டும் வீடியோ ஓடுகிறது.

விடைகள்: முதலாவதில் கோப்பு, புதிய பிரதி பெறுக. இரண்டாவதில் பெரும்பாலும் பிளேயர், ‘ரிப்பெயர்’ செய்க. மூன்றாவதில் வரைவியல் அலகின் செலுத்தி, பழையதற்குத் திரும்புக.

இம்மூன்றையும் சரியாகப் பிரித்தறிந்த மாணவிக்கு அச்சுப்பொறி அச்சிட மறுக்கும்போதும், இணைய இணைப்பு அறுந்துபோகும்போதும் இதே முறை கைகொடுக்கும். அங்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “வழு எங்கே இருக்கிறது?” என்பதுதான்.