கைமாறும் ஜீன்கள்



1992-ஆம் ஆண்டில் நம் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா கிருமி கண்டறியப்பட்டது. பழைய காலரா கிருமிதான் வேறொரு கிருமியின் ஜீன்களைப் பெற்று மேலுறையை மாற்றிக்கொண்டிருந்தது. ஆகவே, முன்பு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. கைமாறி வந்த வேறு ஜீன்களால் கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்கும் அடங்கவில்லை.

சளி, காய்ச்சலுக்கு நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், மருந்தை எதிர்க்கும் கிருமிகளே மிஞ்சிப் பெருகும்; அந்த ஜீன்களைப் பிற கிருமிகளுக்கும் கொடுக்கும். பாதிப்பு, அடுத்த கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு.

உப்பு சர்க்கரைக் கரைசலோ கிருமியைத் தாக்குவதில்லை. உடல் இழந்த நீரை ஈடுசெய்கிறது. அதை எந்த ஜீனும் தோற்கடிக்காது.

மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பதும் அயலாருக்குச் செய்யும் அன்பின் ஊழியமே.

மருத்துவமனைப் போதகர், வடபழனி