ஒரு கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்: சில இடர்களும் தீர்வுகளும்

தமிழ்த்துறையில் இருப்போர்க்கு இயங்குதள ஆராய்ச்சி எதற்கு என வினவுவார் உளர். எம் துறைக்கு வாய்த்தது ஒரே கணிப்பொறி. அதன் வன்தட்டில் விண்டோஸும் லினக்ஸும் அருகருகே குடியிருக்கின்றன. மாணவர்தம் ஆய்வேடுகள் விண்டோஸ் பகுதியிலும், மறைந்த எம் பேராசிரியர் ஒருவரின் இறுதிச் சொற்பொழிவுக் காணொளி லினக்ஸ் பகுதியிலும் இருந்தன. நினைவுக் கூட்டத்திற்கு இரு நாள் முன்னர் லினக்ஸைப் புதிய பதிப்பிற்கு உயர்த்தினோம். மறுநாள் தொடக்கப் பட்டியலில் விண்டோஸைக் காணவில்லை. காணொளியிலோ குரல் கேட்டது. திரை கருமையாகவே நின்றது.

ஆய்வேடுகள் அழிந்தன என்றே அஞ்சினோம். அச்சத்தில் மீண்டும் எதையேனும் நிறுவ முற்படுவதே பெருந்தவறு. பட்டியலில் பெயர் இல்லாமை வேறு. வன்தட்டில் பொருள் இல்லாமை வேறு. நூலகப் பட்டியலில் ஓர் அட்டை விழுந்துபோனால் நூலும் தொலைந்தது எனக் கொள்வோமா? லினக்ஸில் இப்பட்டியலை ஆக்கித் தருவது கிரப் என்னும் துவக்கி. பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்னும் கருவியை, 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பாதுகாப்புக் கருதி இயல்பாகவே இயங்காது வைத்துள்ளனர். பதிப்பை உயர்த்தியபோது விண்டோஸ் மறைந்ததன் காரணம் இதுவே.

முதற்கண் செய்யத்தக்கது, கணிப்பொறியின் அடிப்படைத் தொடக்கப் பட்டியலை அழைத்து விண்டோஸை நேரே தெரிவு செய்து பார்ப்பதாம். அதற்குரிய விசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். யாம் அவ்வாறு செய்தபோது விண்டோஸ் எழுந்தது; நெஞ்சும் அமைதியுற்றது. பின்னர் லினக்ஸில் நுழைந்து, கிரப்பின் அமைவுக் கோப்பில் அத்தேடலை அனுமதிக்கும் வரியைச் சேர்த்துப் பட்டியலைப் புதுப்பித்தோம்.

இனிக் காணொளி. எம்பி4, எம்கேவி என்பன கொள்கலத்தின் பெயர்களே. உள்ளே படம் எம்முறையில் குறியாக்கப்பட்டது என்பதை அவை உரைப்பதில்லை. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரு சுவடிகளுள் ஒன்று வட்டெழுத்திலும் மற்றொன்று கிரந்தத்திலும் அமையலாம் அன்றோ? குறியாக்க முறையைக் கோடெக் என்பர். 2003-இல் வகுக்கப்பட்ட எச்.264, 2013-இல் வந்த எச்.இ.வி.சி. என்பன இவற்றுள் பெருவழக்கானவை. இவற்றின்மீது காப்புரிமைகள் இருத்தலின், லினக்ஸ் வெளியீடுகள் சில இவற்றைத் தம்முடன் சேர்த்து வழங்குவதில்லை. பயனரே தனியே நிறுவிக்கொள்ளல் வேண்டும்.

எம் காணொளி கைப்பேசியில் எச்.இ.வி.சி. முறையில் பதிந்தது. பாரிஸ் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பணியின் வழிவந்த விஎல்சி இயக்கியில் அதனைத் திறந்தோம், அங்கும் கருமையே. கோடெக் இல்லாக் குறை அன்று இது என அப்போது தெளிந்தது. படத்தை விரிக்கும் வேலையை வரைவியல் சில்லிடம் ஒப்படைப்பதில் பிழை நேர்வதுண்டு. விஎல்சியின் விருப்பங்களில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்தினோம். பேராசிரியர் முகம் திரையில் தோன்றியது! அருகிருந்த மாணவியர் இருவர் கண் கலங்கினர். யாமும் சற்று நேரம் விசைப்பலகையைத் தொடவில்லை.

எனினும் பழைய கணிப்பொறியாதலின் படம் தயங்கித் தயங்கி ஓடியது. எஃப்எஃப்எம்பெக் கொண்டு எச்.264 முறையில் ஒரு படி எடுத்தோம். அது தடையின்றி ஓடியது. மூலக்கோப்பை மட்டும் மாற்றாது வைத்தோம்.

அப்படியை விண்டோஸ் பகுதியில் இட முயன்றபோது, அங்கே படிக்க இயலுமேயன்றி எழுத இயலாது என லினக்ஸ் மறுத்தது. இதற்கும் காரணம் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்றோர் ஏற்பாடு உளது. அணைக்கும்போது விண்டோஸ் முற்றும் அணையாது, தன் உட்கருவின் நிலையை வன்தட்டில் எழுதிவைத்து உறங்குகிறது. உறங்குவோன் வீட்டில் பொருள்களை இடம் மாற்றினால் விழித்தபின் குழப்பமே விளையும். ஆதலின் லினக்ஸ் எழுத மறுத்தது முறையே. விண்டோஸின் மின்திறன் அமைப்பில் அவ்வேற்பாட்டை நீக்கி, முற்றும் அணைத்த பின்னர்ப் படி சென்று சேர்ந்தது.

இறுதியாக ஒரு சிறு வேடிக்கை. கூட்டத்தன்று காலை 10 மணிக்கு விண்டோஸின் கடிகாரம் 4.30 எனக் காட்டியது. லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமெனப் படித்ததால் விளைந்த ஐந்தரை மணி வேறுபாடு அது. உள்ளூர் நேரத்தையே எழுதுமாறு லினக்ஸைப் பணித்துவிட்டு, காணொளியுடன் அரங்கிற்கு விரைந்தோம்.