கடைசிப் பெட்டி யாருக்கு?

ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நுழைந்து சாரலாகத் தூவும். பேரருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறவர்கள் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், தேன், மிளகு, ஏலக்காய் என்று விலை பேசுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை 'சீசன்'. அது முடிந்தால் கூட்டம் குறையும். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் மறுபடியும் கொஞ்சம் நடமாட்டம் இருக்கும். பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றிப் பாறை தெரியும்போது கடைக்காரர் யாருக்கு விற்பார்?

'இணையத்தில் கடை போட்டால் போயிற்று' என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குற்றாலத்துக்கு அருகிலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில், ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஜோஹோ ஆன நிறுவனம் அது. இணையக் கடை அமைப்பதற்கென்றே அந்நிறுவனம் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. கனடாவின் ஷாப்பிஃபை போன்றவையும் உண்டு. ஷாப்பிஃபை பிறந்த கதை சுவையானது. 2004இல் டோபியாஸ் லூட்கே என்ற இளைஞர் நண்பர்களுடன் சேர்ந்து பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு இணையக் கடை தொடங்கினார். அதற்காக அவர் எழுதிய மென்பொருள் பலகையைவிட நன்றாக விலைபோகும் என்று தெரிந்தது. 2006 முதல் அதையே விற்கத் தொடங்கினார்கள்.

இம்மாதிரி மென்பொருளை மாத வாடகைக்கு எடுத்து, படங்களை ஏற்றி, விலையை எழுதினால் ஒரே நாளில் கடை திறந்துவிடலாம். அப்படியானால் இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இருக்கிறது. படமும் வண்ணமும் கடையின் பெயர்ப்பலகை மட்டுமே. கடை என்பது உள்ளே இருக்கும் கணக்கு.

கற்பனையாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். குற்றாலத்தில் ஓர் அண்ணாச்சி. பதினோராம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் இணையக் கடையைக் கவனித்துக்கொள்கிறாள். ஒரு நாள் மாலை அண்ணாச்சி கோபமாக வருகிறார்.

"ஏம்மா, மங்குஸ்தான் பெட்டி ஒண்ணுதான இருந்துச்சு? ரெண்டு பேருட்ட பணம் வாங்கியிருக்கே!"

"நான் ஒண்ணும் செய்யலப்பா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்கிட்டாங்க."

மகள் சொன்னது உண்மைதான். ஆனால் கடையில் நேரே நின்று வாங்கும்போது இப்படி நடக்குமா? நடக்காது. ஒருவர் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால் மற்றவருக்கு அது இல்லை, பொருளே சாட்சி. இணையக் கடையில் வாங்குகிறவர் பெட்டியைத் தொடுவதில்லை, ஓர் எண்ணைத் தொடுகிறார். பெட்டியை இரண்டு பேர் தூக்க முடியாது, எண்ணை இரண்டு பேர் படிக்க முடியும். சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

இதை உங்கள் வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு துண்டுத்தாளில் 3 என்று எழுதி மேசைமேல் வையுங்கள். அதுதான் இருப்பு. இரண்டு மாணவர்கள் இரண்டு வாங்குவோர். ஒவ்வொருவரும் தாளைப் படிக்க வேண்டும். தன் இடத்துக்குத் திரும்பிப் போய் ஒன்றைக் கழிக்க வேண்டும். மறுபடி வந்து பழைய எண்ணை அடித்துவிட்டு விடையை எழுத வேண்டும். இருவரையும் ஒன்றாகப் புறப்படச் சொல்லுங்கள். முதலாமவர் 3ஐப் படிக்கிறார். இரண்டாமவரும் 3ஐப் படிக்கிறார். இருவரும் 2 என்று எழுதுகிறார்கள். விற்றது இரண்டு பெட்டி, இருப்பில் குறைந்ததோ ஒன்று! யாருமே தப்பாகக் கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கணக்குச் சரி, வரிசைதான் தவறு. கணிப்பொறி வல்லுநர்கள் இதற்குத் 'தொலைந்த திருத்தம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு விதி சேருங்கள். மேசைமேல் கரும்பலகை டஸ்டர் ஒன்றை வையுங்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தாளைப் படிக்கலாம், எழுதலாம். எழுதி முடித்த பிறகே டஸ்டரைக் கீழே வைக்க வேண்டும். இம்முறை இருப்பு 1 என்று சரியாக வரும். கணிப்பொறியில் இந்த டஸ்டருக்குப் 'பூட்டு' என்று பெயர்.

ஆனால் பூட்டும் ஒரு வம்பை இழுத்துவரும். கடையில் மங்குஸ்தான் ஒரு பெட்டி, தேன் ஒரு புட்டி மட்டும் உள்ளன. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. மதுரைக்காரர் முதலில் மங்குஸ்தானைப் பூட்டிக்கொண்டு தேனுக்குக் காத்திருக்கிறார். கோவைக்காரர் தேனைப் பூட்டிக்கொண்டு மங்குஸ்தானுக்குக் காத்திருக்கிறார். இருவரும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆடுகளின் கதை! இதைத் தீர்க்க ஓர் எளிய வழி உண்டு: யாராக இருந்தாலும் அகரவரிசைப்படியே பூட்ட வேண்டும். தேன் முதலில், மங்குஸ்தான் பிறகு. அப்போது தேனை முதலில் பிடித்தவர் காரியத்தை முடித்துக்கொண்டு போவார், மற்றவர் சற்றுக் காத்திருந்து உள்ளே வருவார். முட்டுக்கட்டை வராது. ஏன் வராது என்பதைத் தாளில் படம் வரைந்து பாருங்கள்.

அடுத்த சிக்கல் மின்வெட்டு. பெட்டி விற்றதும் மூன்று காரியம் நடக்க வேண்டும்: இருப்பு குறைய வேண்டும், வாங்கியவரின் முகவரி பதிவாக வேண்டும், பணம் வந்ததும் பதிவாக வேண்டும். முதல் காரியம் முடிந்த நொடியில் கணிப்பொறி நின்றுவிட்டால்? இருப்பு குறைந்திருக்கும், ஆனால் யாருக்கு அனுப்புவது என்றே தெரியாது. ஆகவே மூன்றும் நடக்க வேண்டும், அல்லது மூன்றும் நடக்காததுபோல் ஆக வேண்டும். இப்படிப் பிரிக்க முடியாத ஒரு தொகுப்புக்குப் 'பரிவர்த்தனை' என்று பெயர். 1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஜிம் கிரே. கணிப்பொறி இயலின் உயர்ந்த விருதான டூரிங் விருது 1998இல் அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ அருகே தனியே பாய்மரப் படகில் சென்றவர் திரும்பவே இல்லை.

மின்வெட்டைச் சமாளிக்கும் உத்தி நம் ஊர்க் கடைக்காரர்களுக்குப் புதிதன்று. பழைய மளிகைக் கடைகளில் நடப்பதை அப்போதைக்கப்போது சிட்டையில் குறித்துவிடுவார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு பாதியில் நின்றுபோனாலும் சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். தரவுத்தளமும் அப்படியே, 'இன்னது செய்யப்போகிறேன்' என்று முதலில் ஒரு சிட்டையில் எழுதிக்கொள்கிறது. மின்சாரம் வந்ததும் சிட்டையைப் படிக்கிறது. தொகுப்பு முழுமையாக எழுதப்பட்டிருந்தால் பேரேட்டில் ஏற்றும், அரைகுறையாக இருந்தால் அழித்துவிடும்.

பணம் வாங்குவதிலும் இதுபோல் ஒன்று உண்டு. 2016இல் யுபிஐ வந்த பிறகு சிறு கடைகளுக்குப் பணம் வாங்குவது மிக எளிதாகிவிட்டது. ஆனால் பணம் அனுப்பியவரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? பொறுமையிழந்து மறுபடியும் அமுக்குவார். இரண்டு முறை பணம் போய்விடக்கூடாதல்லவா? பேருந்தில் நடத்துநர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் புறப்படும். அங்கே ஒன்றும் இரண்டும் வேறு வேறு. இங்கே எத்தனை முறை அமுக்கினாலும் ஒரு முறை அமுக்கியதாகவே கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு வேண்டுதலுக்கும் தனி எண் ஒன்று தரப்படுகிறது. 417ஆம் எண் மறுபடி வந்தால், '417 ஏற்கெனவே முடிந்தது, இதோ அந்த ரசீது' என்று பழைய விடையையே கணிப்பொறி கொடுத்துவிடும்.

நீங்கள் வாடகைக்கு எடுக்கும் மென்பொருள் இவை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். பிறகு அண்ணாச்சி கடையில் எப்படித் தவறு நேர்ந்தது? விசாரித்தால் இப்படித் தெரிகிறது: சீசன் நேரம், கடையில் கூட்டம். வந்து நின்றவர்களுக்கு அண்ணாச்சி பெட்டி பெட்டியாக விற்றார். இணையக் கணக்கில் யாரும் குறைக்கவில்லை. கூட்டம் ஓய்ந்தபோது மகள் மீதி ஒரு பெட்டி என்று கணக்கில் திருத்தினாள். அவள் திருத்துவதற்குள்ளாகவே இணையத்தில் இரண்டு பேர் வாங்கிவிட்டிருந்தார்கள்! எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது, கல்லாப்பெட்டிக்குத்தான் பூட்டுச் சாவியே கொடுக்கவில்லையே. மேலும் மங்குஸ்தான் விற்றால் மட்டுமா குறையும்? பறித்த சில நாள்களில் தோல் கெட்டிப்பட்டுவிடும். ஆகவே தினமும் காலையில் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து, நல்லதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சிறு கடைக்காரர் இணையத்துக்கென்று பத்துப் பெட்டியைத் தனி அலமாரியில் ஒதுக்கிவிடுவதே நல்லது. நேரே வருகிறவர் கெஞ்சிக் கேட்டாலும் அந்த அலமாரியில் கை வைக்கக்கூடாது. விலையுயர்ந்த மென்பொருளைவிட இந்த அலமாரி அதிகம் உதவும்.

இனிப் பார்சல். இதில்தான் கண்ணுக்குத் தெரியாமல் காசு கரையும். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பலருடைய வழக்கம். வருவது 'பரும எடை', கிலோவில். உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். தேனும் மிளகும் வைத்த பெட்டி 30 × 25 × 20 செ.மீ. என்றால் பருமன் 15,000. பரும எடை 3 கிலோ. உள்ளே இருப்பதோ 1.6 கிலோ! பாதிக் கட்டணம் காற்றுக்குப் போகிறது. அதே பொருளை 25 × 20 × 16 பெட்டியில் அடக்கினால் 8,000 ÷ 5000 = 1.6 கிலோ. காற்றுக்குக் காசு இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி ஏதாவது இருந்தால் அளந்து பாருங்கள்.

பழத்தை எங்கே அனுப்பலாம், எங்கே அனுப்பக்கூடாது என்று கணிப்பொறிக்குச் சொல்லிவைக்கப் பின்கோடு உதவும். 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க எண் இது. குற்றாலத்துக்கு 627802. முதல் இலக்கம் 6 தென்பகுதி மண்டலம்; முதல் மூன்று இலக்கம் 627 திருநெல்வேலிப் பிரிப்பு மாவட்டம்; கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 'எண் 6இல் தொடங்கினால் மங்குஸ்தான் அனுப்பலாம்' என்று மகள் விதி எழுதுகிறாள். நல்ல விதிபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் 682555 என்று ஒருவர் கேட்டால்? அது லட்சத்தீவின் கவரத்தி! பழம் கடல் கடந்து போய்ச்சேர எத்தனை நாள் ஆகுமோ! விதி எழுதுகிறவர் ஓரங்களில் இருப்பவற்றை யோசிக்க வேண்டும்.

பொருள் கிடைத்த பிறகு பணம் என்ற முறையைப் பலரும் விரும்புகிறார்கள். விற்பவருக்கு அதில் ஆபத்து உண்டு. ஒரு பார்சலில் லாபம் 70 ரூபாய், அனுப்ப 60, திரும்பி வந்தால் அதற்கும் 60, பெட்டிக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்று ஒருவர் திருப்பிவிட்டால் நட்டம் 140 ரூபாய். வேறு இரண்டு பேருக்கு விற்ற லாபம் அத்துடன் சரி. பழமாக இருந்தால் சரக்கும் போச்சு.

சட்டத்துக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். உணவுப் பொருள் விற்பவர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெற்று, அந்த 14 இலக்க எண்ணைக் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அனுப்பும் கட்டணம் உள்ளிட்ட மொத்த விலை எல்லாம் வாங்குகிறவர் கண்ணில் பட வேண்டும். ஜிஎஸ்டி பற்றித் தணிக்கையாளரைக் கேட்பதே மேல்.

அண்ணாச்சி கடைக்குத் திரும்புவோம். இரண்டு பேரில் ஒருவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு அன்றே பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அன்றிரவு மகள் ஒரு புதிய ஏற்பாடு செய்தாள்: வாங்குகிறவர் 'பணம் செலுத்துகிறேன்' என்று அமுக்கியதும் ஒரு பெட்டி அவர் பெயரில் ஒதுக்கப்படும், பதினைந்து நிமிடத்துக்குள் பணம் வராவிட்டால் பெட்டி மறுபடி பொது இருப்பில் சேரும்.

பதினாறாவது நிமிடத்தில் பணம் வந்து சேர்ந்தால், அதற்குள் அந்தப் பெட்டியை வேறொருவர் வாங்கியும் இருந்தால், என்ன செய்ய வேண்டும்? நேரத்தை ஒரு மணி நேரமாக நீட்டினால் இச்சிக்கல் குறையும், ஆனால் வேறு எது கூடும்? நண்பர்களுடன் பேசி, துண்டுத்தாளையும் டஸ்டரையும் வைத்து ஆடிப் பாருங்கள்.